பழைய ஆட்டத்துக்குப் புது வர்ணம்

பரண் மேல் ஏறுகிறவன் தேடிப் போன சாமானோடு இறங்கியதாகச் சரித்திரமே இல்லை. சென்ற மாதம் ஒரு பித்தளை அண்டாவுக்காக ஏறிய நான், பழைய பிஸ்கோத்து டப்பா ஒன்றோடு இறங்கினேன். திறந்து பார்த்தால், செங்கல் பருமனில், சாம்பல் நிறத்தில், சிறு வயதில் என் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து கொடுத்த 'கேம் பாய்' என்ற விளையாட்டு யந்திரம் இருந்தது.

அக்கா பிள்ளை ஊரிலிருந்து வந்திருந்தான். பன்னிரண்டு வயது. நான் தூசி தட்டி முடிப்பதற்குள் கடைக்கு ஓடி நான்கு பாட்டரி வாங்கி வந்துவிட்டான். விசையைத் தள்ளியதும் 'டிங்' என்று ஓர் ஓசை எழுந்தது. பாசி பிடித்த குளத்து நீரின் நிறத்தில் ஒரு திரை. அதில் ஏதோ ஒன்று நகர்ந்தது.

"மாமா, இதுல கலரே இல்லியே?"

"இல்லைடா."

"லைட்டும் எரியலியே?"

"அதுவும் கிடையாது. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கணும்."

"அப்ப எப்படி மாமா விளையாடினீங்க?"

பதில் சொல்வதற்காக நானும் வாங்கிப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை! மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்ட பிறகே கொஞ்சம் புலப்பட்டது. நாற்பதைத் தாண்டியவனுக்கு வெள்ளெழுத்து வருவது இயற்கை. ஆகவே, மங்கியிருப்பது திரையா, என் கண்ணா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"இதையே நல்லாத் தெரியற மாதிரி பண்ண முடியாதா மாமா?" என்று கேட்டான் பையன்.

சாதாரணமான கேள்விதான். ஆனால் அன்று அது என்னைச் சுருக்கென்று தைத்ததற்குக் காரணம் உண்டு. என் மேஜை மேல் இன்னொரு பழைய சாமானும் அப்போது கிடந்தது. அது என் முதல் நாவல். மறுபதிப்புப் போடப் போகிறேன் என்ற பதிப்பாளர், "இந்தக் காலத்து வாசகர்களுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் பளிச்சென்று ஆக்கிக் கொடுங்களேன்" என்று கேட்டிருந்தார். நானும் சிவப்புப் பேனாவை எடுத்து நாற்பது பக்கம் வரையில் அடித்துத் திருத்தி வைத்திருந்தேன். பழசைப் பளிச்சென்று ஆக்குவது என்ற காரியத்தை இந்த விளையாட்டு யந்திரக்காரர்கள் எப்படிச் செய்தார்கள் என்று அறிந்துகொள்ள எனக்கு ஆசை பிறந்தது. தேடிப் படித்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் 1889-ஆம் ஆண்டு, பூப்படம் போட்ட 'ஹனாஃபுடா' என்னும் விளையாட்டுச் சீட்டுகளைத் தயாரிப்பதற்காக ஆரம்பிக்கப்பட்ட கடைதான் நின்டெண்டோ. சீட்டு அச்சிடும் யந்திரங்களைப் பழுது பார்ப்பதற்காக 1965-இல் அங்கே ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். குன்பெய் யொகோய் என்று பெயர். வேலை அதிகம் இல்லாத நேரத்தில் அவர் தம் பொழுதுபோக்குக்காக, நீண்டு போய்ப் பொருள்களைக் கவ்விப் பிடிக்கும் ஒரு மடக்குக் கையைச் செய்து வைத்திருந்தார். முதலாளி யமௌச்சி அதைப் பார்த்துவிட்டார். வேலை நேரத்தில் விளையாட்டா என்று சீட்டைக் கிழித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், "இதையே விற்பனைக்குச் செய்" என்று சொல்லிவிட்டார். 1966-இல் கடைக்கு வந்த அந்தப் பொம்மைக் கை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பழுது பார்க்க வந்தவர் பொம்மை செய்கிறவர் ஆனார்.

யொகோயிடம் ஒரு கொள்கை இருந்தது. நேற்றுக் கண்டுபிடித்த புத்தம் புதிய நுட்பத்தின் பின்னால் ஓடாதே; நன்றாக அடிபட்டு, விலை இறங்கி, நம்பிக்கைக்குரியதாகிவிட்ட பழைய நுட்பத்தை எடுத்து, யாரும் எண்ணாத காரியத்துக்குப் பயன்படுத்து என்பார். நம் வீட்டில் பாட்டி பழம்புடவையைத் தலையணை உறையாகத் தைப்பாளே, கிட்டத்தட்ட அந்தக் கொள்கைதான். கணக்குப் போடும் யந்திரத்தின் திரையைக் கொண்டே 1980-இல் சின்னஞ்சிறு கை விளையாட்டுகளைச் செய்து உலகமெங்கும் விற்றார்கள். 1989 ஏப்ரலில் அவருடைய குழு வெளியிட்ட கேம் பாய் யந்திரமும் இந்தக் கொள்கையின் குழந்தையே.

அதன் ஜாதகத்தைக் கொஞ்சம் பாருங்கள். திரையில் குறுக்கே 160 புள்ளி, நெடுக்கே 144 புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் நான்கே நிழல்களில் ஒன்றைத்தான் காட்டும்: வெளிர் பச்சை, அதைவிடக் கொஞ்சம் கருத்தது, இன்னும் கருத்தது, மிகக் கருத்தது. திரைக்குப் பின்னால் விளக்கு இல்லை. ஜப்பானில் விலை 12,500 யென். அமெரிக்காவில் ஏறத்தாழ 90 டாலர். அதே 1989-இல் அமெரிக்காவின் அடாரி கம்பெனி, வர்ணமும் விளக்கும் கொண்ட 'லிங்க்ஸ்' என்ற கை யந்திரத்தை ஏறத்தாழ 180 டாலருக்குக் கொண்டு வந்தது. 1990-இல் ஜப்பானின் செகா கம்பெனி 'கேம் கியர்' என்று இன்னொரு வர்ண யந்திரத்தை இறக்கியது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் கல்யாண வீட்டில் கோடிப் புடவைகளுக்கு நடுவே வந்து நின்ற கைத்தறித் துண்டைப் போல இருந்திருக்கும்.

ஆனால் கேம் கியர் ஆறு பாட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் விழுங்கிவிடும். கேம் பாய் நான்கு பாட்டரிகளை வைத்துக்கொண்டு பத்து மணி நேரத்துக்கு மேலே சிக்கனமாகக் குடும்பம் நடத்தும். அத்துடன் மாஸ்கோவில் 1984-இல் அலெக்ஸி பஜித்னோவ் என்ற ரஷ்யர் உருவாக்கிய 'டெட்ரிஸ்' ஆட்டமும் அமெரிக்காவில் அதனுடன் சேர்ந்தே கிடைத்தது. கேம் பாயும், பின்னால் வந்த அதன் வர்ணத் தம்பியும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன. வர்ணக்காரர்கள் கிட்டவே வர முடியவில்லை.

இந்த நான்கு நிழல்களுக்குள் சித்திரக்காரர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! டெட்ரிஸில் மேலேயிருந்து விழும் கட்டங்கள் ஏழு வகை. வர்ணம் இருந்தால் ஏழு வர்ணம் கொடுத்துவிடலாம். இங்கே அது நடக்காது. ஆகவே ஒன்றுக்குள் சிறு சதுரம், இன்னொன்றுக்குள் கரும் புள்ளி, வேறொன்றுக்குச் சொரசொரப்பு என்று நெசவு மாற்றி வேற்றுமை காட்டினார்கள். வேறு சில ஆட்டங்களில் இன்னும் சாமர்த்தியம். அந்தத் திரை சோம்பேறி. ஓர் உருவம் நகர்ந்த பிறகும் அதன் சாயல் ஒரு கணம் அங்கேயே தங்கும். அதைத் தெரிந்துகொண்டு, ஓர் உருவத்தை மிக வேகமாகக் காட்டியும் மறைத்தும், பார்க்கிறவன் கண்ணுக்கு அது கண்ணாடி போல ஊடுருவித் தெரியும்படி செய்தார்கள். திரையின் குறை அவர்களுடைய தூரிகையில் ஒரு மயிராகிவிட்டது.

வர்ணம் இல்லாமையால் வேடிக்கையும் விளைந்தது. 1992-இல் 'கிர்பி' என்று ஓர் உருண்டைப் பயல் இந்தத் திரையில் பிறந்தான். அவனைப் படைத்த ஸகுராய் தம் மனத்தில் அவனை ரோஜா நிறமாகவே நினைத்திருந்தார். கம்பெனியின் பெரிய தலையான மியமோட்டோவோ அவன் மஞ்சள் என்று எண்ணியிருந்தார். அமெரிக்காவில் அட்டைப் படம் போட்டவர்கள் திரையில் கண்டபடி அவனை வெள்ளையாகவே போட்டுவிட்டார்கள்! ஒரே கதாநாயகனுக்கு மூன்று நிறம். விளையாடிய பிள்ளைகள் மனத்தில் எத்தனை நிறமோ! நாவலாசிரியன் கதாநாயகியின் நிறத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டால் வாசகர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த முகத்தை ஒட்டிக்கொள்வதில்லையா, அதைப் போலத்தான். 1996-இல் வந்த 'பொக்கேமான்' ஆட்டங்களுக்கு 'சிவப்பு', 'பச்சை' என்று பெயர். அந்தச் சிவப்பை விளையாடியவர்களும் பச்சைச் சாம்பலில்தான் விளையாடினார்கள்.

எத்தனை நாளைக்கு இப்படி? 1996-இல் பச்சைச் சாயம் போய், உண்மையான கறுப்பு வெள்ளையில் மெலிந்த 'கேம் பாய் பாக்கெட்' வந்தது. 1998 அக்டோபரில் 'கேம் பாய் கலர்' வந்தது. பையன் கேட்ட கேள்விக்கு முதல் பெரிய பதில் இதுதான்.

புதிய யந்திரம் 32,768 வர்ணங்களை அறியும். ஆனால் கோடிக்கணக்கான பிள்ளைகளிடம் பழைய சாம்பல் நிறக் கேசட்டுகள் இருந்தன. அவற்றில் வர்ணம் என்ற பேச்சே இல்லை. அவற்றைத் தூக்கி எறியச் சொல்ல மனம் வருமா? வியாபாரத்துக்குத்தான் அழகா? ஆகவே அவற்றுக்கு யந்திரமே வர்ணம் பூசும்படி ஏற்பாடு செய்தார்கள். அது எப்படி நடந்தது என்று படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பழைய கேசட்டைச் செருகியதும், அது நின்டெண்டோவின் சொந்த வெளியீடா என்று யந்திரம் முதலில் பார்க்கும். ஆம் என்றால், கேசட்டில் பொதிந்துள்ள ஆட்டத்தின் பெயரை எடுத்து, எழுத்துக்கு ஓர் எண் வீதம் கூட்டும். கூட்டுத் தொகையைத் தன்னிடம் உள்ள பட்டியலில் தேடி, இந்த எண்காரனுக்கு இந்த வர்ணம் என்று பூசிவிடும். இரண்டு பெயர்களுக்கு ஒரே தொகை வந்தால் பெயரின் நான்காவது எழுத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். நம் ஊர் எண் சோதிடர்கள் இதைக் கேட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள்! பெயரின் கூட்டுத் தொகைப்படி ஒருவனுக்கு அதிர்ஷ்ட வர்ணம் குறித்துக் கொடுக்கும் கலை, ஒரு யந்திரத்துக்குள் புகுந்து உத்தியோகம் பார்த்திருக்கிறது. பொக்கேமான் 'சிவப்பு' இப்போது சிவந்தது. அமெரிக்காவில் வந்த 'நீலம்' நீலமாயிற்று. பட்டியலில் இடம் பெறாத மற்றக் கம்பெனி ஆட்டங்களுக்கெல்லாம் பொதுவான ஒரே அலங்காரம்தான்.

ஆனால் யந்திரத்துக்குக் கதை தெரியாது. மரம் எது, மதில் எது என்று தெரியாது. பின்னணி ஒன்று, அதன்மேல் நடமாடும் உருவங்கள் இரண்டு வகை என்ற அளவுக்குத்தான் அது கண்டது. பின்னணிக்கு நான்கு, உருவங்களுக்கு மூன்றும் மூன்றும், ஆக மொத்தம் பத்து வர்ணம். எனவே வானமும் தரையும் ஒரே சாயத்தில் தோய்ந்தன. வீரன் சிவந்தால் அவனை அடிக்க வந்த அரக்கனும் பல ஆட்டங்களில் சிவந்தான்.

இதைச் செய்தவர்களுக்கும் அந்தச் சங்கடம் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர்கள் ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். யந்திரம் உயிர்பெற்றுப் பெயர்ப் பலகை காட்டும் அந்த இரண்டொரு விநாடிக்குள், திசைப் பொத்தானைத் தனியாகவோ வேறொரு பொத்தானோடு சேர்த்தோ அழுத்தினால், 12 வகை அலங்காரங்களில் வேண்டியதை விளையாடுகிறவனே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பழுப்பு, நீலம், பச்சை என்று வரிசையாக உண்டு. எல்லாம் தலைகீழாகி வெள்ளை கறுப்பாகும் வேடிக்கையும் உண்டு. அந்தப் பன்னிரண்டில் ஒன்று வெறும் கறுப்பு வெள்ளை. இடப் பக்கத்தையும் 'பி' என்ற பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் போதும், பூச்செல்லாம் கழன்று பழைய ஆட்டம் பழையபடி நிற்கும். அந்த ஒரு பொத்தானுக்காக அவர்களை எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

இன்னொரு வழியும் அதே 1998-இல் நடந்தது. 1993-இல் வந்த 'ஸெல்டா' வரிசை ஆட்டம் ஒன்றை எடுத்து, கதை தெரிந்த மனிதர்களே உட்கார்ந்து, புல்லுக்குப் பச்சையும் கடலுக்கு நீலமுமாக இடத்துக்கு இடம் பார்த்துத் தீட்டி, டிசம்பரில் புதிய கேசட்டாக வெளியிட்டார்கள். வர்ணம் தெரிந்தால்தான் புதிர் அவிழும் ஒரு புதிய பாதாள அறையையும் சேர்த்தார்கள். பழைய யந்திரத்தில் செருகினாலும் அந்தக் கேசட் ஓடும். அந்த அறை மட்டும் திறக்காது. முன்னது யந்திரம் அடித்த சுண்ணாம்பு. இது கையால் தீட்டிய சித்திரம். வேற்றுமையைக் குழந்தை கூடச் சொல்லிவிடும்.

இந்த வர்ணத்தைப் பார்க்க யொகோய் இல்லை. 1995-இல் அவர் கொண்டு வந்த, கண்ணை வைத்துப் பார்க்கும் சிவப்புத் திரை யந்திரம் ஒன்று படுதோல்வி அடைந்தது. மறு ஆண்டு அவர் கம்பெனியை விட்டு விலகினார். 1997 அக்டோபர் 4-ஆம் தேதி சாலை விபத்தில் காலமானார். வயது 56. கடைசியாக அவர் வேறொரு கம்பெனிக்காக உருவாக்கிக் கொடுத்த 'வொண்டர்ஸ்வான்' என்ற கை யந்திரம் 1999-இல் வெளிவந்தது. ஒரே ஒரு பாட்டரி. திரை கறுப்பு வெள்ளை. உலகமெல்லாம் வர்ணத்துக்குப் போன பிறகும் மனிதர் தம் கொள்கையிலிருந்து இம்மியும் நகரவில்லை.

2001-இல் 'கேம் பாய் அட்வான்ஸ்' வந்தபோது சங்கடம் வேறு உருவம் எடுத்தது. அதன் திரையில் குறுக்கே 240 புள்ளி, நெடுக்கே 160 புள்ளி. பழைய ஆட்டம் நடுவில் சின்னதாக உட்கார்ந்தது. சுற்றிலும் கறுப்புச் சட்டம். வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்தித் திரையின் அகலத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். ஆனால் 160 என்பது 240 ஆனால், ஒரு புள்ளி ஒன்றரைப் புள்ளி ஆகவேண்டுமே! வாசலில் கோலம் போடுகிற எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள், ஒன்றரைப் புள்ளி வைத்துக் கோலம் போட முடியுமா என்று. இரண்டு புள்ளிகளை மூன்று இடத்தில் பரப்பினால் நடுவில் இருப்பது இதுவும் அல்ல, அதுவும் அல்ல. உயரம் அப்படியே இருக்க அகலம் மட்டும் கூடியதால், ஓடிக் குதித்த வீரர்கள் எல்லாரும் விருந்துச் சாப்பாட்டில் பெருத்த மாப்பிள்ளைகள் போல் ஆனார்கள்.

அந்த யந்திரத்தின் திரைக்கும் விளக்கு இல்லை. 'காசில்வேனியா' என்ற வரிசையில் 2001-இல் வந்த ஆட்டம், இருண்ட கோட்டைக்குள் நடப்பது. திரையில் ஒன்றுமே தெரியவில்லை என்று எல்லாரும் குறைப்பட்டார்கள். மறு ஆண்டு அடுத்த ஆட்டத்தைச் செய்தவர்கள் எச்சரிக்கையாக வர்ணங்களைப் பளீரென்று ஏற்றி, கதாநாயகனைச் சுற்றி நீலக் கோடு வேறு போட்டார்கள். மங்கிய திரையில் அது சரியாக இருந்தது. 2003-இல் விளக்கு வைத்த யந்திரம் வந்தது. பிறகு இன்னும் பிரகாசமான திரைகள் வந்தன. அவற்றில் அந்த ஆட்டம், நாடக மேடைக்காக அரிதாரம் பூசிக்கொண்டவர் பட்டப்பகலில் தெருவில் வந்து நின்றதுபோல ஆயிற்று. இருட்டென்று திட்டு வாங்கிய முந்தைய ஆட்டமோ, நல்ல விளக்கில் கம்பீரமாகக் காட்சி அளித்தது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். திரை மங்கல் என்பது வரைந்தவனுக்குத் தெரியும். அந்த மங்கலையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் அவன் வர்ணத்தைக் குழைத்தான். பிற்காலத்தில் நாம் மங்கலை மட்டும் நீக்கிவிட்டு, 'படத்தை மேம்படுத்திவிட்டோம்' என்று சொன்னால் கணக்கில் பாதியை அழித்துவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

ஒன்றரைப் புள்ளிச் சங்கடம் இன்றும் ஓயவில்லை. 2017-இல் வந்த 'ஸ்விட்ச்' யந்திரத்தைக் கையில் வைத்து ஆடும்போது குறுக்கே 1280 புள்ளி; 2025 ஜூனில் வந்த 'ஸ்விட்ச் 2' திரையில் 1920 புள்ளி. வகுத்துப் பாருங்கள், அதே ஒன்றரை! புதிய யந்திரம் வந்த புதிதில், பழைய ஆட்டங்களைக் கையில் வைத்து ஆடியவர்கள், படம் பழைய திரையில் இருந்த கூர்மைகூட இல்லாமல் மெழுகியது போல் இருக்கிறதே என்று முறையிட்டார்கள். இந்த முறை மருந்தும் உண்டு. 2022-இல் வந்து, தடுக்கித் தடுக்கி ஓடியதாகப் பெயர் வாங்கிய இரண்டு பொக்கேமான் ஆட்டங்களுக்கு, புதிய யந்திரத்துக்கு ஏற்ற திருத்தத்தை இலவசமாகவே கொடுத்தார்கள். கூர்மையும் வந்தது, ஓட்டமும் சீராயிற்று. அது ஆசிரியர்கள் தாமே நினைத்துச் செய்ய முடியாமற் போனதை முடித்து வைத்த காரியம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய விந்தையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். 2021 டிசம்பரில் 'அனலாக்' என்ற அமெரிக்கக் கம்பெனி, பழைய கேசட்டுகளைப் போட்டு ஆட ஒரு கை யந்திரம் விற்கத் தொடங்கியது. அதன் திரையில் குறுக்கே 1600 புள்ளி, நெடுக்கே 1440 புள்ளி. பழைய திரையின் சரியாகப் பத்து மடங்கு! ஒன்றரையும் இல்லை, பின்னமும் இல்லை. பழைய ஒரு புள்ளிக்குப் புதிய புள்ளிகள் நூறு. இந்த நூறையும் வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? பழைய பச்சைத் திரையில் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே தெரிந்த அந்த மெல்லிய கட்டக் கோட்டையும், அந்தப் பாசி நிறத்தையும் அப்படியே வரைந்து காட்டவும் வழி செய்தார்கள். 2023-இல் நின்டெண்டோவும் ஸ்விட்சில் பழைய ஆட்டங்களைச் சந்தாதாரர்களுக்குக் கொடுத்தபோது, பச்சையாகப் பார்க்கிறீர்களா, கறுப்பு வெள்ளையாகவா, கலர் யந்திரத்தில் தெரிந்தபடியா என்று விளையாடுகிறவரிடமே விட்டுவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பச்சையிலிருந்து தப்பித்து ஓடியவர்கள், பெரும் செலவில் பச்சைக்கே திரும்பி வந்திருக்கிறார்கள்.

இதை வெறும் பழம்பெருமை என்று தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. விளக்கு வைத்தது நல்ல காரியம்; வெள்ளெழுத்துக்காரனுக்கு அது தர்மம். தடுக்கி ஓடியதைச் சீராக்கியதும் நல்ல காரியம். ஆனால் விளக்கை ஏற்றுவது ஒன்று. சித்திரத்தின்மேல் சுண்ணாம்பு அடிப்பது மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள எல்லைக் கோடு எப்போதும் தெளிவாகத் தெரிவதில்லை. அது தெரியாதபோது, 1998-இல் செய்தது போல, பழையபடி திரும்பிப் போக ஒரு பொத்தானை வைத்துவிடுவது உத்தமம்.

என் நாவலுக்கு அப்படி ஒரு பொத்தான் கிடையாது. மறுபதிப்பு வந்தால் முதல் பதிப்பைத் தேடுவார் யார்? அன்று இரவு, சிவப்புப் பேனாவால் திருத்திய நாற்பது பக்கங்களையும் மறுபடி படித்தேன். அச்சுப் பிழைகளைத் திருத்தியது சரி. தேதிக் குழப்பம் ஒன்றை நேர் செய்ததும் சரி. ஆனால் இருபத்தைந்து வயதுப் பையன் தனக்குத் தெரிந்த நான்கு நிழல்களை வைத்துக்கொண்டு திண்டாடி எழுதிய இடங்களில் எல்லாம், நாற்பது வயதுக்காரன் தன்னிடம் உள்ள வர்ணங்களைக் கொட்டியிருந்தான். வானமும் தரையும் ஒரே சாயமாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அழித்தேன். பதிப்பாளரிடம், எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக அச்சுப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளப் போகிறேன்.

மறுநாள் காலையில் பையனைக் காணோம். தேடிப் போனால், கிழக்குப் பார்த்த ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்தான். கேம் பாயை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்திருந்தான். எந்தச் சாய்வில் பிடித்தால் திரை தெளியும் என்பதை, ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே, என்னைப் போலவே அவனும் கண்டுபிடித்திருந்தான். கட்டங்கள் விழுந்து கொண்டிருந்தன. இவ்வளவு சரித்திரத்தையும் அவனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆவலோடு அருகில் போய் நின்றேன்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். வெயிலை மறைக்கிறீங்க."